வெளிநாட்டுல நம்ம ஊர்ப் பேச்சு காதுல விழுந்தா திரும்பிப் பாப்பீங்களா, குனிஞ்சுக்கிட்டே நடந்துருவீங்களா?

குறுக்குத்துறை எழுதியது:

போன மாசம் ஆபீஸ் வேலையா பாங்காக்ல அஞ்சு நாள் இருந்தேன். நாலாவது நாள் மீட்டிங் சீக்கிரம் முடிஞ்சுட்டு, சரின்னு சிலோம் ரோட்டுல இருக்க மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். தாய்க்காரங்க அதை வாட் கேக்னு சொல்லுவாங்க, டாக்சிக்காரர்ட்ட அப்படிச் சொன்னாதான் புரியுது. வெளிய இருந்து பாத்தா நம்ம ஊரு கோபுரம், உள்ள போனா கும்பிட்டுக்கிட்டு இருக்கதுல முக்காவாசி தாய் ஜனங்க, நான்தான் அங்க வெளியாள் மாதிரி நின்னேன்.

வெளிய வந்து செருப்ப மாட்டிட்டு நடக்கேன். அந்த ஏரியா பூரா கல் யாவாரம், மாணிக்கம், நீலம்னு போர்டு போட்ட கடைங்க. பின்னாடி ஒருத்தர் போன்ல சத்தமா பேசிட்டு வாராரு. "மோட்டார போட்டுட்டு மறந்துராதீய, டேங்கு நெறைஞ்சு வழிஞ்சா பக்கத்து வூட்டு மாமி சத்தம் போடுவாவ." நான் அப்படியே நின்னுட்டேன். மூணு நாளா காதுல இங்கிலீஷும் தாயும்தான், நம்ம பக்கத்துப் பேச்சு வந்து விழுந்ததும் சட்டுனு பிடரியில யாரோ தட்டுன மாதிரி இருந்துச்சு. ஸ்கூல்ல கூடப் படிச்ச பயலுவ ரெண்டு பேரு காயல்பட்டணம், அதனால 'வூடு', 'மாமி' ரெண்டையும் சேத்து கேட்டதுமே தெரிஞ்சு போச்சு. என்ன கேக்கன்னு தெரியாம "காக்கா, டேங்கு நெறைஞ்சிருச்சா?"ன்னு கேட்டேன். (வெளியூர்க்காரங்களுக்கு: காயல்ல அண்ணனை காக்கான்னுதான் கூப்பிடுவாங்க, நக்கல் இல்ல.) மனுசன் ஒரு செகண்ட் முழிச்சாரு பாருங்க, அப்புறம் சிரிச்ச சிரிப்புல ரோட்டுல போனவங்க திரும்பிப் பாத்தாங்க.

அங்கேயே ஒரு கடையில டீ. முக்கா மணி நேரம். முப்பது வருசமா கல் யாவாரமாம், அவுக ஊர்ல இருந்து ஹாங்காங், பாங்காக்னு போறது தலைமுறை தலைமுறையா நடக்கதுதான. கல்யாண வீட்டுல ஒரே தட்டுல சேந்து உக்காந்து சாப்பிடுற களறிச் சாப்பாடு பத்தி அவரு சொல்லிட்டு இருக்கும்போது எனக்கு இங்க நாக்குல எச்சி ஊறுது. ஒரு பொட்டலத்தைப் பிரிச்சு, வெள்ளைப் பேப்பர் மடிப்புக்குள்ள இருந்து நெல்லு சைசுல ஒரு நீலக் கல்லை எடுத்து என் உள்ளங்கையில வெச்சு, வெயில்ல காட்டி, "இது சூடு காட்டினதா, காட்டாததான்னு கண்டுபுடிச்சிட்டா நீங்க பொழைச்சுக்கிடுவிய"ன்னாரு. (நெறம் நல்லா வாரதுக்குக் கல்லைச் சூடாக்குறதுதான் சூடு காட்டுறது.) எனக்கு ஒரு மண்ணும் தெரியல.

இப்ப என் கேள்வி இதுதான். நான் சென்னையில 14 வருசமா இருக்கேன். எங்க அபார்ட்மெண்ட்ல எதிர் பிளாட்டுல பாளையங்கோட்டைக்காரர் ஒருத்தர் குடி இருக்காரு. எங்க வீட்டுல இருந்து அவர் வீடு ஊர்ல நாலு கிலோமீட்டர் இருக்காது. லிப்ட்ல பாத்தா தலையாட்டுறதோட சரி, பேர் கூட கரெக்டா தெரியாது. அப்ப பாங்காக்ல மட்டும் எனக்கு என்ன வந்துச்சு?

கடைசி_பெஞ்ச் எழுதியது:

டீக்கு காசு யாரு குடுத்தா? அத வெச்சுதான் உண்மையான பாசமான்னு சொல்ல முடியும்.

குறுக்குத்துறை எழுதியது:

அவருதான். நான் பர்ஸ எடுக்க விடல.

ஏழரை எழுதியது:

நான் குனிஞ்சுக்கிட்டு போற கட்சி சார், காரணத்தோடதான் சொல்றேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி நானும் வீட்டம்மாவும் சுவிஸ் போனோம். எத்தனையோ வருஷம் சேத்து வெச்ச காசு. ஜங்ஃப்ராயோக் ஸ்டேஷன், 3454 மீட்டர் உயரம், பனியில நின்னு போட்டோ எல்லாம் எடுத்துட்டு கீழ இறங்க ரயில் ஏறுறோம். எதிர் சீட்டுல நம்மாளு ஒருத்தர். நாங்க பேசிக்கறதைக் கேட்டுட்டு "தமிழா?" அப்படின்னார். ஆமான்னேன், சந்தோஷம்தான். "எந்த ஊரு?" திருச்சி. "திருச்சில எங்க?" உறையூர். "உறையூர்ல எங்க?" சும்மா கோயில் பக்கம்னேன். "அப்பா என்ன பண்ணிட்டு இருந்தார்?" சொன்னேன். "குலதெய்வம் எது?"

அந்த ரயிலப் பத்தி தெரியாதவங்களுக்கு சொல்றேன், மேல இருந்து கிளம்பினா பாதி தூரத்துக்கு மேல மலையைக் குடைஞ்ச சுரங்கம்தான், 1912ல தொறந்த பாதை, வெளிய பாக்க ஒண்ணும் கிடையாது, எழுந்து போகவும் வழி கிடையாது. இந்த மனுஷன் சுரங்கம் முடியறதுக்குள்ள என் பூர்வீகத்தைத் தோண்டி எடுத்துடணும்னு இருக்கார். கடைசியா நேராவே கேட்டுட்டார், "நம்மாளுங்களா?" நான் என்ன பதில் சொன்னேன்னு இங்க எழுதல. சொன்னேன். அதுக்கப்புறம் அவரு போனை எடுத்து பாக்க ஆரம்பிச்சவர் ரயில் நிக்கற வரைக்கும் நிமிரல. என் வீட்டம்மா இருட்டுக் கண்ணாடியையே பாத்துட்டு வந்தா.

அன்னிலருந்து வெளிய போனா நாங்க ரெண்டு பேரும் இங்கிலீஷ்ல பேசிக்கறோம், அதுவும் மெதுவா.

குறுக்குத்துறை எழுதியது:

ஏழரை, இதுக்கு நான் என்ன சொல்லன்னு தெரியல. காக்காகிட்ட நானும்தான் "எந்த தெரு"ன்னு கேட்டேன். ஸ்கூல் பயலுவள தெரியுமான்னு பாக்கத்தான் கேட்டேன், ஆனா கேள்வி அதேதான்.

கடைசி_பெஞ்ச் எழுதியது:

கேள்வி ஒண்ணா இருந்தாலும் எங்க நிறுத்தறோம்ங்கறதுலதான் இருக்கு தல. தெரு வரைக்கும் ஓகே. குலதெய்வம் கேட்டா அது விசாரணை.

லா_சப்பல் எழுதியது:

வணக்கம். நான் பாரிஸில இருக்கிறன், 30 வருசத்துக்கு மேல. உங்கட கதையளை வாசிச்சுக்கொண்டு வரேக்க எனக்கும் எழுதவேணும் போல கிடந்தது.

இஞ்ச லா சப்பல் மெட்ரோவால இறங்கி போபுர்க் சான் தெனிப் பக்கம் நடந்தீங்கள் எண்டால் மரக்கறிக் கடை, நகைக்கடை, புடவைக்கடை, முடி வெட்டுற கடை எல்லாம் எங்கட ஆக்கள்தான். அங்க தமிழ் காதில விழுந்தா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டினம், கழுத்துத்தான் நோகும். ஆனா மெட்ரோவில நாலு ஸ்டேஷன் தள்ளிப் போனாப் போதும், அதே ஆள் அதே தமிழைக் கேட்டுத் திரும்புவார். குறுக்குத்துறை கேட்டதுக்கு ஒரு பாதி மறுமொழி இதுக்க இருக்கு எண்டு நினைக்கிறன்.

எங்கட கேள்வி "எந்த ஊர்" இல்ல, "ஊரில எவடம்?" யாழ்ப்பாணத் தீவுப் பக்கம் புங்குடுதீவு எண்டோ வேலணை எண்டோ சொன்னால் அடுத்தது "எந்தப் பள்ளிக்கூடம்", அதுக்கு அடுத்தது "எப்ப வெளிக்கிட்டனீங்கள்". அந்தக் கடைசிக் கேள்விதான் பெரிய கேள்வி. 83 கலவரத்தோட வந்தவரோ, 90இல சண்டைக்குள்ள தீவுப் பக்கத்தால வெளிக்கிட்டவரோ, 95 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பிறகோ எண்டு தெரிஞ்சால் அவர் என்னத்தைக் கண்டிருப்பார் எண்டு அரைவாசி விளங்கிடும். மிச்சத்தை நாங்கள் கேக்கிறேல்ல.

நான் ஒருக்கா ஆஸ்பத்திரியில இருக்கேக்க பக்கத்தில ஒரு வயது போன ஐயா. என்ர போனில அம்மா கதைக்கிற சத்தத்தைக் கேட்டுட்டு "தம்பி எந்த ஊரு?" எண்டார். வேலணை எண்டன். "அது எங்க இருக்கு?" எண்டார். அவர் காரைக்கால். 1962இல பிரெஞ்சுப் பகுதியள் முறைப்படி இந்தியாவோட சேரேக்க பிரெஞ்சுக் குடியுரிமையை வைச்சுக் கொண்ட குடும்பமாம், தகப்பன் பிரெஞ்சுப் பட்டாளத்தில இருந்தவராம். எனக்குக் காரைக்கால் எண்டால் அம்மையார் மட்டும்தான் தெரியும். அவருக்கு என்ர ஊர் தெரியாது, எனக்கு அவற்ற ஊர் தெரியாது, ரெண்டு பேரும் இருந்து மீன் கதைச்சம். அங்க என்ன மீன், இஞ்ச என்ன மீன், விளைமீனுக்குப் புளி எவ்வளவு விடுறது. அவரைக் கூப்பிட்டாச்சு, எழும்பிப் போட்டுத் திரும்பி வந்து "தேங்காப்பால் ஊத்துவீங்களா?" எண்டு கேட்டுட்டுப் போனார்.

ஏழரை சொன்னது எங்களிட்டயும் கிடக்கு, இல்லை எண்டு நான் பொய் சொல்லேல்ல. "எவடம்" எண்டதுக்குப் பிறகு "எந்தக் கோயிலடி" எண்டு ஆரும் கேட்டால் விளங்கிக் கொள்ளுங்கோ.

சுக்குகாப்பி எழுதியது:

நீங்க எல்லாரும் பேசலாமா வேண்டாமான்னு யோசிக்கறீங்க, தனியா போற பொம்பளைக்கு அந்த சாய்ஸே இல்லீங்க, அவங்களே வந்து பேசிருவாங்க.

நான் போன வருசம் தனியா பினாங்கு போனேன். ஜார்ஜ் டவுன்ல ஒரு சாப்பாட்டுக் கடை வரிசையில நிக்கறேன், பின்னாடி நம்ம பக்கத்து ஆளு ஒருத்தர், ஐம்பது வயசு இருக்கும், பொள்ளாச்சியாம். "தனியாவா வந்தீங்க? வீட்டுல உட்டாங்களா?" வந்தேனுங்க. "எந்த ஓட்டல்ல தங்கியிருக்கீங்க?" நல்ல மனுசனாவே இருக்கட்டும், ஆனா இந்தக் கேள்விக்கு நான் எப்பவும் வேற ஓட்டல் பேருதான் சொல்லுவேன், இத படிக்கற பொண்ணுங்க எல்லாரும் அப்படியே பண்ணுங்க. அப்புறம் ரோட்டுல எப்படி நடக்கோணும், எத்தனை மணிக்கு ரூமுக்குப் போகோணும்னு சாப்பாடு வர்ற வரைக்கும் அட்வைஸ். நாசி கண்டார் (சோறும் கறிக்குழம்பும்) வந்துச்சு, அதையும் எப்படி சாப்பிடறதுன்னு அவரே சொல்லிட்டாரு. ஊர்ல இருந்து நாலாயிரம் ரூவா மிச்சம் பண்ணி டிக்கெட் போட்டு வந்தது இதுக்குத்தானான்னு இருந்துச்சு.

ஆனா மறுநாள் வேற மாதிரி. அதே ஊர்ல லிட்டில் இந்தியாவுல ஒரு பூக்கடை. "ஏனுங்க்கா, முல்லை எவ்வளவுங்க?"ன்னு கேட்டேன், பழக்கத்துல வந்துருச்சு. கடையில இருந்த அக்கா கையில அளந்துட்டு இருந்த சரத்தை அப்படியே புடிச்சுட்டு நின்னாங்க. "கோயமுத்தூரா கண்ணு?" திருப்பூர்ங்க்கா. அவங்க ஈரோட்டுப் பக்கம், கட்டிக் குடுத்து வந்து இருபது வருசத்துக்கு மேலயாச்சாம். எந்த தெரு, என்ன ஆளுங்க, எதுவும் கேக்கலீங்க. "இன்னும் ஏதாச்சும் பேசு, சும்மா பேசு"ன்னாங்க. எனக்கு என்ன பேசறதுன்னே தெரியல, பஸ்ஸு கூட்டம், வெயிலு, சாயப்பட்டறை, தக்காளி வெலைன்னு வாய்க்கு வந்ததை சொன்னேன். அவங்க பூவை அளந்துட்டே கேட்டுட்டு இருந்தாங்க, அளந்துட்டே இருந்தாங்க. ரெண்டு மொழம் கேட்டேன், ரூமுக்கு வந்து பாத்தா அஞ்சு மொழம் இருக்கு. ரூமுல தனியா ஒக்காந்து அஞ்சு மொழம் முல்லைய என்ன பண்றது சொல்லுங்க, வாஷ் பேசின்ல தண்ணி புடிச்சு போட்டு வெச்சேன்.

கடைசி_பெஞ்ச் எழுதியது:

நாலாயிரம் ரூவாய்ல பினாங்கு டிக்கெட் எங்க கிடைக்குது, லிங்க் ப்ளீஸ்

சுக்குகாப்பி எழுதியது:

மாசம் நாலாயிரம்ங்க!! மாசாமாசம் எடுத்து வெச்சது.

மொட்டமாடி எழுதியது:

எல்லாரும் டூர் போன கதைய சொல்றீங்க, நான் பொழைக்கப் போன கதைய சொல்றேன். துபாய்ல ஒன்பது வருசம், 2012ல போனது. எங்களுக்கு ஊர்க்காரனைப் பாக்கறது ஆசை இல்ல, தேவை.

முதல் தடவை இறங்குனப்ப கம்பெனி குடுத்த கேம்ப்ல ரூமுக்கு எட்டு பேரு, அதுல மூணு பேரு பரமக்குடிப் பக்கம். நான் கமுதி. அந்த மூணு பேரு இல்லைன்னா நான் மொத மாசமே திரும்பியிருப்பேன். சிம் கார்டு எங்க வாங்கறது, எந்த ஃபோர்மேன்ட்ட வாய் குடுக்கக் கூடாது, வெயில் காலத்துல உப்பும் தண்ணியும் எப்படிக் குடிக்கறது எல்லாம் அவங்கதான். சமையல் முறை வெச்சுருந்தோம், என் முறை செவ்வா, வெள்ளி. அப்பல்லாம் வெள்ளிக்கிழமைதான் லீவு, சனி ஞாயிறுன்னு மாத்தினது 2022லதான். வெள்ளிக்கிழமை கறி எடுத்து குழம்பு வெச்சு, வெளிய பேப்பர விரிச்சு உக்காந்தா அன்னைக்கு மட்டும் ஊரு.

ஆனா என்னய அங்க அனுப்பி வெச்ச ஏஜெண்ட்டும் ஊர்க்காரன்தான். ஒன்னே கால் லட்சம் வாங்குனான். எலக்ட்ரீசியன் வேலைன்னு சொன்னான், போய் இறங்குனா ஹெல்ப்பர். எங்கப்பா அவன் வீட்டுக்கு நடையா நடந்தாரு, "நம்ம புள்ளைக்கு நான் கெடுதல் பண்ணுவனா மாமா"ன்னு காபி குடுத்தே அனுப்பிட்டான். வெளியாளுன்னா சட்டையப் புடிச்சிருப்போம். மாமான்னு கூப்பிடுறவனை எப்படிப் புடிக்க?

இன்னொன்னு, இதுதான் முக்கியமா சொல்ல வந்தது. ஏர்போர்ட்ல "தம்பி ஊரா? நானும் அந்தப் பக்கம்தான், எனக்கு வெயிட் கூடிருச்சு, இந்த ஒரு பார்சல மட்டும் கொண்டு போயிரு, வெளிய எங்க மச்சான் வந்து வாங்கிக்குவான்"னு ஒருத்தர் வருவாரு. வாங்காதீங்க. நான் ஒரு தடவ மதுரை ஏர்போர்ட்ல வாங்கிட்டேன். ஊறுகா பாட்டில், முறுக்கு, அடியில ஒரு கவர்ல மாத்திரை அட்டை. கியூவுல நிக்கும்போது என்னமோ மனசு உறுத்தி பிரிச்சுப் பாத்தேன். வலி மாத்திரை. நம்ம ஊர்ல சீட்டு காட்டி வாங்கற மாத்திரைல சிலது அங்க தடை, இல்லைன்னா முன் அனுமதி வேணும், மாட்டுனா உள்ளதான். திருப்பிக் குடுத்ததுக்கு அந்தாளு என்னைய பாத்து "நீயெல்லாம் ஒரு ஊர்க்காரனா"ன்னான். அவருக்கு உண்மையிலயே முட்டி வலிக்கு அனுப்புனதா கூட இருக்கலாம். எனக்குத் தெரியாது.

ஏழரை எழுதியது:

மொட்டமாடி சார், இதை மேல பின் பண்ணி வெக்கணும்.

காடிக்காரன் எழுதியது:

நான் மலேசியா, கெடா பக்கம். இழைய காலையில பசியாறிட்டு படிக்க ஆரம்பிச்சேன், வேலைக்கு லேட்டாயிடுச்சு லா.

எனக்கு இந்தக் கதை தலைகீழா நடந்துச்சு. தமிழ்நாட்டு டூரிஸ்ட்டுங்க எங்களைப் பாத்தா "சொந்த ஊர் எது?"ன்னு கேப்பாங்க. சுங்கை பட்டாணின்னு சொல்லுவேன். "இல்ல இல்ல, இந்தியாவுல?" தெரியாதுங்க. தாத்தா கப்பல்ல வந்தாரு, ரஜூலா கப்பல், நாகப்பட்டினத்துல ஏறுனாராம், அவ்வளவுதான் வீட்டுல தெரியும். எந்த கிராமம்னு அப்பாவுக்கே தெரியாது. எங்களுக்கு ஊருன்னா தோட்டம். நான் பொறந்த தோட்டத்துல பால்மரம் (ரப்பர்) இருந்துச்சு, இப்ப அங்க செம்பனை (பாமாயில் மரம்), லயத்து வீடெல்லாம் இடிச்சாச்சு, கோயில் மட்டும் நிக்குது. தெரியாதுன்னு சொன்னதும் அவங்க முகத்துல ஒரு பாவம் வரும் பாருங்க, எனக்கு அதுதான் பிடிக்காது.

சரி, 2018ல குடும்பத்தோட தமிழ்நாடு வந்தோம், திருச்சில இறங்கி தஞ்சாவூர், மதுரை, வேளாங்கண்ணி. பேசுறது தமிழ்தான், எல்லாருக்கும் புரியுது, ஆனா கடையில வாயத் திறந்தாலே "சார் எந்த ஊரு?" ஒம்பது நாள் இப்படி. மதுரையில மீனாட்சி கோயிலுக்கு வெளிய நிக்கறேன், கூட்டம், பின்னாடி ஒரு பொம்பள குரல், "காடிய எங்க நிப்பாட்டுனான்னே தெரியல லா, பசியாறவே இல்ல புள்ளைங்க." கார காடின்னு சொல்லுறது, பசியாறுறது, லா. நான் திரும்புன வேகத்துல என் மனைவி மேல இடிச்சிட்டேன். அவங்க ஈப்போ. எங்க வீட்டுக்கும் அவங்க வீட்டுக்கும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல காடில போகணும், மலேசியாவுல பாத்திருந்தா யாரோ எவரோ. அங்க நின்னு ஒரு மணி நேரம் பேசுனோம், என்ன பேசுனோம்? இங்க தே தாரிக் (எங்க ஊரு ஆத்துன பால் டீ) கிடைக்கலங்கறது. சுத்தி அவ்வளவு தமிழ், ஆனா நாங்க ரெண்டு குடும்பமும் தமிழ்நாட்டுல வெளிநாட்டுக்காரங்களா நின்னு எங்க ஊரு தமிழ் பேசுனோம்.

அதனால குறுக்குத்துறை அண்ணே, உங்களுக்கு பாங்காக்ல வந்ததுதான் எனக்கு மதுரைல வந்துச்சு.

லா_சப்பல் எழுதியது:

காடிக்காரன், "முகத்தில ஒரு பாவம் வரும்" எண்டு எழுதினீங்கள் பாருங்கோ. அது எனக்கும் தெரியும்.

குறுக்குத்துறை எழுதியது:

ரெண்டு வாரம் இந்தப் பக்கம் வர முடியல, மன்னிக்கணும். ஒரு அப்டேட்.

காக்கா டீ குடிச்சதோட நிக்கல. அன்னைக்கு என் நம்பர் வாங்கிட்டுப் போயிருந்தாரு, வாரா வாரம் வெள்ளிக்கிழமை ஒரு ஜும்ஆ வாழ்த்து ஃபார்வர்டு வரும், நான் கைகூப்பற படம் ஒண்ணு போடுவேன், அவ்வளவுதான். போன வாரம் போன் பண்ணாரு. மச்சினர் மகனுக்கு சென்னையில இஞ்சினியரிங் சீட்டு, எந்தக் காலேஜு நல்லது, யாரையாவது தெரியுமா, பையன் வந்தா ரெண்டு நாள் தங்கலாமா. எங்க வீடு ரெண்டு பெட்ரூம், அம்மாவும் கூட இருக்காவ. சரின்னுட்டேன். போனை வெச்சதும் எங்க வீட்டுல "முக்கா மணி நேரம் டீ குடிச்சதுக்கு ரெண்டு நாள் சாப்பாடா"ன்னா. பையன் வந்தான். நல்ல பையன், தலையக் கவுந்துக்கிட்டே சாப்பிட்டான். போகும்போது அம்மா கையில ஒரு டப்பா குடுத்தான், தம்மடைங்கற இனிப்பு, அவுக வீட்டுல செஞ்சு அனுப்பினது. அம்மா இப்ப தினமும் "அந்தப் பய மறுபடி எப்ப வாரான்"னு கேக்காவ.

கடைசி_பெஞ்ச் எழுதியது:

அதெல்லாம் இருக்கட்டும், பாளையங்கோட்டைக்காரர் என்னாச்சு? பேர் கேட்டீங்களா?

குறுக்குத்துறை எழுதியது:

முந்தாநாள் லிப்ட்ல அவரும் நானும் மட்டும். மூணாவது மாடில கரண்ட் போயிட்டு. ரெண்டு பேரும் போன் டார்ச்ச போட்டுட்டு நிக்கோம். கேட்டுருவோம்னு தொண்டையச் செருமுனேன். அவரு "ஜெனரேட்டர் போட்டுருவான்"னாரு. நான் "ஆமா"ன்னேன்.

போட்டுட்டான்.